தவிட்டின் விலை

ஜனவரியில் முனிர்க்காவில் மாவு புளிப்பதில்லை.

கம்பு இரண்டு டம்ளர், இட்லி அரிசி ஒன்று,
உளுந்து அரை, வெந்தயம் ஒரு கரண்டி.
அளவில் குற்றமில்லை.
முதல் ராத்திரி பாத்திரத்துக்கு
அவருடைய குரங்குக் குல்லாவை மாட்டினேன்.
இரண்டாம் ராத்திரி ரஜாய்க்குள்
எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்க வைத்தேன்.
"இந்த வயசுல இன்னொண்ணா?"
என்று சுவர்ப்பக்கம் நகர்ந்து படுத்தார் சத்தியசீலன்.
விடியுமுன் திறந்து பார்த்தால்
வைத்தது வைத்தபடி.
மனஸ்தாபத்தோடு கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி போல
உம்மென்று ஒரு முகம்.

நாலரைக்கு அவர் கிளம்பியாக வேண்டும்.
மெட்ரோ வாசலில் நின்று
வருகிற ஆண்களையெல்லாம் தோளிலிருந்து கணுக்கால்வரை
தடவிப் பார்த்து உள்ளே விடுகிற உத்தியோகம்.
பீடிக்கட்டு, பேனாக்கத்தி, எதுவும் தப்பாத கை.
தன் ரத்தத்துக்குள் ஒளிந்திருந்தது மட்டும்
மூன்று வருஷம் தப்பியிருக்கிறது.
எட்டுப் புள்ளி ஆறு என்றது சீட்டு.
"வெள்ளையா இருக்கிறதெல்லாம் நிறுத்துங்க"
என்றார் டாக்டர்,
வெள்ளைக் கோட்டுக்குள் இருந்துகொண்டு.

மைதா பிரெட் போனது. ரவை போனது.
சம்பா கோதுமை உப்புமா வந்த அன்று
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ரவை செத்துப்போச்சா?" என்றார்.
கேழ்வரகுக் கூழுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மௌனத்துக்கு உப்புமாப் பேச்சே தேவலை.

மாவு மில்லில் லக்கன்பால்
கோதுமையைக் கொட்டியபடி கேட்டார்,
சோக்கரைச் சலித்து எடுத்துவிடவா?
வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.
எருமைக்கு வைப்பதைத்தான் இப்போது
எல்லா மேடமும் கேட்கிறீர்கள் என்று சிரித்தார்.
சோக்கர் என்றால் தவிடு.
வீடு திரும்பும் வழியில், மசூதி திருப்பத்தில்தான்
அந்தச் சொல் தமிழில் வந்து மோதியது.

எங்கள் வீட்டில் நான் நாலாவது.
மற்ற மூன்றும் பெற்றவையாம்,
நான் தவிட்டுக்கு வாங்கினதாம்.
"அதுவும் ரெண்டு படி" என்பாள் பூங்கோதை அக்கா.
"பேரம் பேசியிருந்தா ஒரு படிக்கே முடிஞ்சிருக்கும்."
ஏழு வயதுவரை நம்பினேன்.
ராத்திரியில் எழுந்துபோய்
மாட்டுத் தொட்டியருகே நின்றிருக்கிறேன்,
என் பழைய வீட்டுக்காரர்கள் யாரென்று யோசித்தபடி.

வசந்த் குஞ்ச் கடையில்
ஓட்ஸ் தவிடு, கண்ணாடி ஜாடியில்,
நானூற்றி இருபது ரூபாய்.
தள்ளுவண்டியை நிறுத்திக் கணக்குப் போட்டேன்.
இரண்டு படி என்றால் நான் என்ன விலை?
வாங்கவில்லை. திருப்பி வைத்துவிட்டேன்.
ஆனால் வாசல்வரை நடை கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

போன வாரம் அக்காவே கூப்பிட்டாள், திருச்சியிலிருந்து.
அவளுக்கு ஒன்பதாம்.
"என்னென்னமோ செய்யறியாமே, அளவு சொல்லுடி."
சொன்னேன். கடைசியில்,
"தவிட்டைச் சலிச்சுக் கொட்டிடாதே" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்தது.
நடையில் இன்வெர்ட்டர் உறுமி உறுமிச் சூடாகிக்கொண்டிருந்தது.
அதற்கு மேலே உள்ள பலகையில் பாத்திரத்தை வைத்தேன்.
நம்பிக்கையினால் அல்ல,
வேறு இடம் இல்லை.
நாலு மணிக்கு விளக்கைப் போட்டால்
மூடி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம்.
பொங்கி வழிந்து, பலகை விளிம்பில் தொங்கி,
பாலிஷ் போட்டு வைத்த டியூட்டி பூட்ஸில்
இடது காலுக்குள் இறங்கியிருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன்.
தோசைக் கல்லில் முதல் வட்டம் ஓட்டை ஓட்டையாய்ப் பூத்ததைக்
குனிந்து பார்த்தார்.
ஈரத்துணியால் பூட்ஸைத் துடைத்தார்.
வலது காலில் மட்டும் மாட்டிக்கொண்டு
நின்றபடியே நாலு தின்றார்.
மிளகாய்ப் பொடி தீர்ந்துவிட்டதை
அப்போதுதான் கவனித்தோம்.

சாயங்காலம் வந்து,
கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.
விரலிடுக்கில் மிச்சம் இருந்திருக்கிறது.
பன்னிரண்டு மணி நேரக் கால்சூடு.
அறையெல்லாம் மணத்தது,
சரியான பதத்தில்.